இதர அடிப்படை உந்துதல்

கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து, சுடலை தன் மனைவியோடு குடும்பம் நடத்த அனுமதி கேட்டு விண்ணப்பித்தான். விண்ணப்பத்தில் அப்படி எழுதவில்லை. பகல் ஷிப்டுக்கு மாற்றித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதாகத்தான் எழுதியிருந்தான். காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தான்.

நீலகிரியில், எமரால்டு ஊரைத் தாண்டி மலை மடிப்புக்குள் இருக்கிறது பெல்கிரேன் எஸ்டேட். தேயிலைக்கு ஒரு குணம். பகலில் பறித்த கொழுந்தை இரவெல்லாம் வாட்ட வேண்டும். நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்று விட்டு, கையால் புரட்டிப் புரட்டிக் கொடுத்தால்தான் விடிவதற்குள் அரைக்கிற பதம் வரும். ஆகவே பறிக்கிறவர்களுக்குப் பகல், புரட்டுகிறவர்களுக்கு இரவு. கலைமதி பறிக்கிறவள். சுடலை புரட்டுகிறவன். விடிந்து அவன் தொழிலாளர் குடியிருப்பு லைனில் இருக்கும் வீட்டுக்கு வரும்போது அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவள் எடை போட்டுவிட்டு ஓடிவரும்போது ஃபேக்டரிச் சங்கு ஊதப் போகும். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது.

வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. சுடலையின் அம்மா மருதாம்பாள், வாரநாட்களில் மகளுக்குத் துணையாக அடுத்த லைனுக்குப் படுக்கப் போய்விடுவாள். மருமகனுக்கு இரவுக் காவல் வேலை. ஆக வார இரவுகளில் அந்த வீட்டில் கலைமதி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு சுடலைக்கும் அக்கா புருஷனுக்கும் ஓய்வு. ஆனால் அன்றைக்குக் கறி எடுப்பதால் அக்கா, மாமா, பிள்ளைகள், அம்மா எல்லோரும் வந்து, சாப்பிட்டு, அந்த ஒரே அறையில் வரிசையாகப் படுத்துவிடுவார்கள். சுடலை ஒரு கோடியில் சுவரை ஒட்டி. கலைமதி மறுகோடியில் சமையல்கட்டு வாசலில். நடுவில் சொந்தபந்தம்.

நல அலுவலர் சில்வஸ்டர் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"குடும்பம்னா எப்படி? யாருக்காவது சீக்கா?"

"இல்லைங்க சார்."

"யாராவது தவறிட்டாங்களா?"

"அய்யோ, இல்லைங்க."

"காதுகுத்து, சடங்கு, அந்த மாதிரி?"

"புதுசாக் கல்யாணம் ஆயிருக்குதுங்க சார்."

"அதுக்குத்தான் அப்பவே லீவு குடுத்தமே. எடுத்துக்கிட்டயில்ல?"

"எடுத்துக்கிட்டேனுங்க."

"அப்புறம் என்ன?"

சுடலை ஜன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தான். சில்வஸ்டரும் பார்த்தார். மரத்தில் ஒன்றும் இல்லை.

சில்வஸ்டர் கெட்டவரல்ல. கையேட்டில் இருக்கிற காரணங்களில் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்து கொடுத்திருப்பார். அப்படி இல்லாததால் அந்த விண்ணப்பம் மற்ற விண்ணப்பங்களோடு போய் முடங்கியிருக்கும். ஆனால் அந்த வாரம் கோயமுத்தூர் தலைமை அலுவலகத்தில் ஒரு கண்டுபிடிப்பு நடந்துவிட்டது. குன்னூர் ஏலத்தில் பெல்கிரேன் தேயிலைக்கு விலை ஏன் விழுகிறது என்று இயக்குநர்கள் கூடி ஆராய்ந்து, தொழிலாளர்களின் மனதில் உந்துதல் இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். இயந்திரங்கள் அவர்களுடைய தாத்தா காலத்தவை என்று ஒரு கணக்கர் சொல்லிப் பார்த்தார். அவரிடமும் உந்துதல் இல்லை என்று தெரிந்தது. 'மனித உந்துதல் மேம்பாட்டுப் பிரிவு' பிறந்தது. ஆய்வுக்காக உந்துதல் குறைந்த ஓர் ஆளைத் தயாராக வைக்கும்படி எஸ்டேட்டுக்கு உத்தரவு வந்தது. ஷிப்டு மாற்றக் கேட்கிறவனைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று சில்வஸ்டர் சுடலையின் பெயரை எழுதி அனுப்பினார்.

பிரிவின் தலைவர் முனைவர் பாலசுப்பிரமணியம் ஒரு திங்கட்கிழமை வந்து இறங்கினார். ஃபேக்டரி முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளை. மேடைக்குப் பின்னால் கேன்டீன் அண்டாக்களில் சாம்பார் சோறு மூடி வைக்கப்பட்டிருந்தது. உரை முடிந்ததும் பரிமாறப்படும் என்று அறிவித்தார்கள். உரையின் பொருள் பசி.

"மனிதனை எது எழுப்புகிறது?" என்று முனைவர் கேட்டார். "சம்பளமா? இல்லை. முப்பது ஆண்டுகளாக நான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் எனக்குள் எந்த உந்துதலும் ஏற்பட்டதில்லை என்பதை நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். பாராட்டா? என்னை யாரும் பாராட்டியதில்லை. ஆனாலும் பிரிவுத் தலைவர் ஆகியிருக்கிறேன். மனிதனை நகர்த்துபவை இரண்டே இரண்டு. ஒன்று, பசி. மற்றது..."

அவர் நிறுத்தினார். முன்வரிசையில் முழுக்கப் பெண்கள். பக்கத்து நாற்காலியில் மேனேஜர் ராஜசேகர், அவருடைய மனைவி. முனைவர் தண்ணீர் குடித்தார்.

"மற்றது, இதர அடிப்படை உந்துதல்" என்றார்.

மணி இரண்டைத் தாண்டியும் அவர் பசியை விளக்கிக்கொண்டிருந்தார். கலைமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலாமணி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இவரு சொல்றதுக்கு முன்னாலயே எனக்கு வெளங்கிப்போச்சு சாமி. சோத்தப் போடச் சொல்லு" என்றாள்.

உரை முடிந்த கணத்தில் முற்றம் முழுக்க எழுந்து அண்டாக்களை நோக்கி ஓடியது. இரண்டு பெஞ்சுகள் கவிழ்ந்தன. முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது கல்லூரிகளில் பேசியிருக்கிறேன். ஒரு உரைக்கு இப்படி உடனடி விளைவை நான் பார்த்ததில்லை" என்று மேனேஜரிடம் தழுதழுத்தார்.

மறுநாளே முதல் திட்டம் வந்தது. நிறைந்த வயிறு நகராது என்பது அடிப்படை. ஆகவே பத்து மணி டீ நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டில் எடைக் கொட்டகைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி, காற்று வாக்குப் பார்த்து, மெதுவடை சுடப்பட்டது. வாசனை எல்லோருக்கும். வடை, இலக்கை எட்டியவர்களுக்கு மட்டும். பெண்கள் ஒரு நாள் வாசனை பிடித்தார்கள். இரண்டாம் நாள் வீட்டிலிருந்து பொட்டணம் கட்டி வந்து செடி மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடையை முழு மனதோடு எடுத்துக்கொண்டது ஒரு கரடி மட்டும்தான். எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையே பெயர்க்கிற ஜாதி அது. மூன்றாம் நாள் மேட்டுச் சோலையிலிருந்து நேராக இறங்கி வந்தது. வடை மாஸ்டர் எடைக் கொட்டகைக் கூரைமேல் ஏறிக்கொண்டார். அது தட்டிலிருந்த வடைகளைத் தின்று, ஆற வைத்திருந்த எண்ணெயைக் குடித்து, சட்டியை நக்கிவிட்டு, அவசரப்படாமல் திரும்பிப் போயிற்று.

தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் முனைவர் இதை மறைக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத ஓர் உயிர் வெறும் வாசனையால் மட்டுமே உந்தப்பட்டு நெடுந்தூரம் வந்திருக்கிறது என்றும், கோட்பாடு தொழிலாளர்களைத் தாண்டியும் செல்லுபடியாகிறது என்றும் எழுதினார். பாராட்டுக் கடிதம் வந்தது. அது அவருக்கு வந்த முதல் பாராட்டு.

பசி முடிந்தது. அடுத்தது இதர அடிப்படை உந்துதல். சுடலையைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் முனைவர், மேனேஜர், சில்வஸ்டர். சுடலை இரவு முழுக்கக் கொழுந்து புரட்டிவிட்டு வந்து நின்றிருந்தான். உள்ளங்கைகள் பச்சையாக இருந்தன.

"உனக்குள் எது குறைகிறது என்று நினைக்கிறாய்?"

"பகல் ஷிப்டுங்க."

"அது வெளித் தேவை. இன்னும் உள்ளே போ."

சுடலை மேசையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான்.

"சரி. உன் இதர உந்துதல், ஒன்று முதல் பத்துவரை போட்டால், எந்த இடத்தில் இருக்கும்?"

சுடலை நேர்மையாக யோசித்தான். "வார நாள்லயா கேக்கறீங்க, ஞாயித்துக்கெழமையா கேக்கறீங்க?"

"வேறுபாடு உண்டா?"

"ஞாயித்துக்கெழமை ஊட்ல ஆளுக இருப்பாங்கங்க."

சில்வஸ்டர் இருமினார். மேனேஜர் மேசைமேலிருந்த காகித எடைக்கல்லை உற்றுப் பார்த்தார். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த சங்கு ஊதிவிடும் என்று சுடலைக்குத் தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு அவளோட இருக்கோணுங்க சார். அவ்வளவுதானுங்க."

அந்த அறையில் அதுவரை அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை.

"மனைவி யார்?" என்றார் முனைவர்.

"கலைமதி சார். ஆறாம் நம்பர்ல முதல் ஆள். அவங்க எடைக்குப் பக்கத்துல யாரும் வர முடியாது" என்றார் சில்வஸ்டர்.

சுடலைக்கு முகம் மலர்ந்தது. பெண்டாட்டியின் பெருமை தன் விண்ணப்பத்துக்கு உதவும் என்று நம்பி, கேட்காமலேயே சொன்னான். "வெரசாப் பறிச்சாத்தானுங்க மொத எடையில போட்டுட்டு வர முடியும். சங்கு ஊதறதுக்குள்ள எனக்கு ஒரு டீ வெச்சுக் குடுக்கோணும்னு ஓடியாருவாளுங்க. அதுக்காகவே அப்படிப் பறிக்கறாளுங்க."

முனைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தம்பி, நீ இப்போது என்ன சொன்னாய் என்று உனக்குத் தெரியுமா?"

"டீங்க."

"இல்லை. நூறாண்டு உளவியல் தேடிய விடையைச் சொல்லிவிட்டாய்." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "நிறைவேறிய ஆசை படுத்துக்கொள்கிறது. நிறைவேறாத ஆசை பறிக்கிறது. இவன் பகல் ஷிப்டுக்குப் போனால் இந்தக் கம்பெனி தன் சிறந்த தொழிலாளியை இழக்கும். இவர்களுடைய பிரிவு ஒரு தேசிய வளம்."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சுடலையின் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார்கள்.

அதோடு நின்றிருந்தால் சுடலையின் துக்கம் சுடலையோடு போயிருக்கும். அடுத்த வாரம் 'உந்துதல் பாதுகாப்புத் திட்டம்' அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பெல்கிரேனில் இனிமேல் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாது. செடியின் தலையைக் கவாத்து வெட்டுகிறவர்கள், மருந்து அடிக்கிறவர்கள், காட்டில் பகலில் வேலை செய்த ஆண்கள் எல்லோரும் இரவு வாட்டலுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆள் அதிகமாகித் தொட்டிகளைச் சுற்றி இடித்துக்கொண்டு நின்றார்கள். இதெல்லாம் யாரால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஏண்டா, உம் பொண்டாட்டி டீ வெச்சா நீ குடிச்சிட்டு வாய மூடிட்டு வரமாட்டியா?" என்று கவாத்துக்கார மாரிச்சாமி கேட்டான். "அத எதுக்குடா போயி ஆபீசுல சொன்னே?"

சுடலை கொழுந்தைப் புரட்டினான்.

ஒரே ஆள் சந்தோஷமாக இருந்தாள். பாலாமணி அக்காவின் புருஷன் வேலுசாமியின் குறட்டை அந்த லைனில் பிரசித்தம். "இருவது வருசத்துல இப்பத்தான் சாமி கண்ணு மூடித் தூங்கறேன்" என்று எடைக் கொட்டகையில் எல்லோரிடமும் சொன்னாள். வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லாததால் செடிக்குச் செடி நின்று பேசிக்கொண்டு, முன்பைவிடக் குறைவாகப் பறித்தாள். அவளுடைய எடை ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

திட்டத்தின் தொடக்க விழாவில் கலைமதிக்கு 'உந்துதல் திலகம்' பட்டம் கொடுத்தார்கள். பரிசு, அவலாஞ்சிப் பக்கத்தில் ஒரு விடுதியில் தம்பதியாகத் தங்க அனுமதிச் சீட்டு. மனைவிக்கு வெள்ளிக்கிழமை, கணவனுக்குத் திங்கட்கிழமை என்று அச்சடித்திருந்தது. இரண்டையும் சேர்த்துத் தந்தால் பரிசின் நோக்கம் கெட்டுவிடும் என்று முனைவர் விளக்கினார். பிறகு, இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிபெருக்கியைக் கலைமதியிடம் கொடுத்தார்கள்.

அவள் சீட்டைப் பார்த்தாள். கூட்டத்தில் தூங்கி விழாமல் நின்றுகொண்டிருந்த சுடலையைப் பார்த்தாள்.

"ஒரு சந்தேகமுங்க" என்றாள். "ஆசை இருக்கறவரைக்கும் கை ஓடும்ங்கறீங்க."

"ஆமாம்."

"இனி நடக்காதுன்னு ஆசையே விட்டுப்போயிருச்சுன்னா, கை என்னங்க பண்ணும்?"

முனைவர் சிரித்தார். "அம்மா, ஆசை அப்படியெல்லாம் விட்டுப்போகாது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி மேல் ஆசை வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கொடுக்கவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்."

கைதட்டினார்கள். கலைமதி தலையாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் சுடலை சட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். அவள் வரவில்லை. அடுப்பு எரியவில்லை. சங்கு ஊதியது. ஃபேக்டரிப் பாதை திரும்புகிற இடத்தில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தான். எல்லோரும் இறங்கிவிட்ட காட்டில் அவள் கடைசி வரிசையில், ஒவ்வோர் இலையிடமும் நலம் விசாரிக்கிறவளைப்போல நின்று பறித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அந்த ஒரு டீ நேரத்தை வைத்துத்தான் சுடலை இத்தனை மாதத்தையும் ஓட்டியிருந்தான். இப்போது அதுவும் இல்லை. தொட்டியின் முன்னால் நிற்கும்போது, மேடையில் அவள் கேட்ட கேள்வி அவனுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆசை விட்டுப்போய்விட்டதா என்று விசிறிச் சத்தத்துக்குள் அவன் தன்னையே கேட்டுக்கொண்டான்.

அதற்கு மேல் தாங்காமல், காலையில் அவள் பை மாட்டிக் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றான்.

"எம்மேல எதாச்சும் கோவமா, கலை?"

"கோவமா இருந்தா உங்களுக்குச் சோறு மூடி வெச்சிருப்பனா?"

"அப்ப ஏன் வாரதில்லை? அந்தக் கொஞ்ச நேரங்கூட..."

அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் மாறவில்லை. "அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஓடி ஓடித்தானுங்க ராத்திரி பூராத்தையும் தொலச்சோம். கொஞ்சம் பொறுங்க. யாருகிட்டயும் போயி எதையும் சொல்லாதீங்க. முக்கியமா ஆபீசுல."

"சத்தியமாச் சொல்லமாட்டேன்."

"டீயப் பத்திக்கூட."

ஆறாம் நம்பர் காட்டின் எடை விழுந்தது. முதலில் கலைமதியுடையது, பிறகு மாரிச்சாமியின் மனைவி தேவியுடையது, அப்புறம் இளவயதுப் பெண்கள் எல்லோருடையதும். வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரும் காட்டில்தான் இருந்தார்கள். மேஸ்திரி அதட்டினால் பெருமூச்சு விட்டார்கள். கேட்டால், "மனசுல ஒண்ணுமே தோண மாட்டேங்குதுங்க" என்றார்கள். அந்த வாக்கியம் மேஸ்திரியிடமிருந்து சில்வஸ்டருக்கும் சில்வஸ்டரிடமிருந்து முனைவருக்கும் போனது.

முனைவரின் ஆய்வுக்கட்டுரை மாதக் கடைசியில் இயக்குநர்கள் முன் படிக்கப்பட இருந்தது. அதன் நாயகி கலைமதி. அவர் காட்டுக்கே வந்து, குடை பிடித்துக்கொண்டு, அவளுடைய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று மாலை மேனேஜரிடம் சொன்னார்: "ஊற்று வறண்டுவிட்டது. இது என் கோட்பாட்டில் நான் முன்பே எதிர்பார்த்த கட்டம்தான். உடனே மறுவிதைப்புச் செய்ய வேண்டும். எல்லாக் கணவர்களையும் பகலுக்கு மாற்றுங்கள். ஆசை எப்படி இருக்கும் என்பது அந்தப் பெண்களுக்கு ஒரு முறை நினைவுக்கு வரட்டும்."

"அப்ப ராத்திரி கொழுந்தை யாரு புரட்டறது?" என்றார் ராஜசேகர்.

"அது நிர்வாகப் பிரச்சினை. நான் உளவியல் மட்டும்தான் பார்க்கிறேன்."

ராஜசேகர் அதிகம் பேசாதவர். தலைமை அலுவலகத்தின் உத்தரவு என்பதால் அப்படியே நிறைவேற்றினார். கணவர்கள் எல்லோரும் பகலுக்கு மாறினார்கள். இரவில் கணக்குப் பிள்ளை, சில்வஸ்டர், கேன்டீன் வடை மாஸ்டர், தானும் என்று ஆள் போட்டார். ஆள் போதவில்லை. அலுவலகக் குடியிருப்பில் தங்கியிருக்கும் எல்லோரும் என்று உத்தரவை நீட்டினார். அந்தக் குடியிருப்பில் முனைவரும் தங்கியிருந்தார்.

ஒரு வாரத்தில் முனைவரின் உள்ளங்கைகள் பச்சையாயின. அவர் மேனேஜரைத் தனியாகப் பிடித்தார். மேடைத் தமிழ் அவரிடமிருந்து போயிருந்தது. "ஊட்டுக்குப் போயி மாசக்கணக்காச்சுங்க. எம் பொண்டாட்டி ஜானகி ஃபோன்ல பேசறதையே நிறுத்திட்டா. ரெண்டு நாள் லீவு குடுத்தீங்கன்னா..."

"டாக்டர், உங்க வேலையைக் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றார் ராஜசேகர். "இப்ப நீங்க புரட்டறாப்பல இந்த ஃபேக்டரியில யாரும் புரட்டினதில்லை. ஊருக்குப் போனா அது குறைஞ்சுபோகும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

அலுவலர்களை விடுவித்தது பாலாமணி அக்காதான். பகலுக்கு வந்த வேலுசாமியின் குறட்டையைப் பத்து இரவு கேட்டுவிட்டு, தன் புருஷனை நிரந்தரமாக இரவுக்கே எடுத்துக்கொள்ளும்படி நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "எனக்கு உந்துதல் அவரு இல்லாதப்பத்தானுங்க வருது" என்றாள். மறுநாள் அவளோடு ஒத்த வயதுப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள். வேலுசாமிகளுக்கும் ஆட்சேபணை இல்லை. இரவில் ஃபேக்டரி கதகதப்பாக இருக்கும், யாரும் திட்டமாட்டார்கள். இரவு ஷிப்டு நிறைந்தது. சுடலை முதலிய இளவட்டங்கள் பகலில் நிலைத்தார்கள். ஆறாம் நம்பர் காட்டின் எடை பழைய இடத்துக்கு ஏறியது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள் என்று ராஜசேகர் நினைத்துக்கொண்டார். முனைவர் அதற்கு 'பெல்கிரேன் மாதிரி' என்று பெயர் வைத்து, மற்ற எஸ்டேட்டுகளுக்கும் கொண்டுபோகலாம் என்று ஒரு கட்டுரை எழுதி, அதைக் காட்டி மறுபடி பேராசிரியர் பதவி கேட்டார்.

பகலுக்கு மாறிய முதல் நாள் சாயங்காலம் சுடலை வீட்டில் உட்கார்ந்திருந்தான். அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சங்கு ஊதியது. அவன் கால்கள் தாமாக எழுந்தன.

"எங்க போறீங்க?" என்றாள் கலைமதி.

அவன் மறுபடி உட்கார்ந்தான். இருவரும் சாப்பிட்டார்கள். இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பழக்கமில்லாததால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. ரசம் நன்றாயிருக்கிறது என்றான். உப்புக் குறைச்சல் என்றாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்து பாயில் சாய்ந்தவள், விடிந்ததிலிருந்து மலைச்சரிவில் நின்ற உடம்பு, அவன் கதவைத் தாழிட்டுத் திரும்புவதற்குள் தூங்கிப்போனாள்.

சுடலைக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு மாதத்துக்கும் மேலாக அந்த நேரத்தில் அவன் விழித்திருந்து பழகியவன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொழுந்துக் கறை ஏறிய அவள் விரல்களைப் பார்த்தான். அவளை எழுப்ப அவனிடம் முனைவர் சொன்ன உந்துதல்கள் எல்லாம் இருந்தன. எழுப்பவில்லை. போர்வையை அவள் தோள்வரை இழுத்து விட்டுவிட்டு, சத்தம் வராமல் மூச்சு விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வெகுநேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலேயே அவள் சொன்னாள்: "இப்படி உக்காந்து பாக்கறதுக்கா நான் இத்தன பாடுபட்டேன்? விளக்க அணைச்சுட்டு வாங்க."

சுடலை எழுந்து விளக்கை அணைத்தான்.